சந்திப்பில் கேமரா இருந்தும் பச்சை விழவில்லையா? வழக்கமாக நடக்கும் தவறுகள்

சமிக்ஞை விளக்குக் கம்பத்தில் கேமராவைப் பார்த்ததும் "சம்மன் வந்துரும், மெதுவா போ" என்பது கோலாலம்பூரில் பழகிப்போன பேச்சு. சிவப்பு விளக்கை மீறுவோரைப் பிடிக்கும் ஏஇஎஸ் கேமராக்கள் 2012இல் வந்தன. பிறகு அதன் பெயர் அவாஸ் என்று மாறியது. ஆனால் எல்லாக் கேமராவும் அந்த வேலைக்கானதல்ல. நிறுத்தக் கோட்டருகே வண்டி நிற்கிறதா, எத்தனை வண்டிகள் போயின என்று மட்டும் பார்த்து, விளக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும் கேமராக்களும் உண்டு. அவற்றுக்கு உங்கள் பதிவு எண்ணே தேவையில்லை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

முன்பெல்லாம் இந்த வேலையைத் தாருக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள் செய்தது. சாலையைத் தோண்டும்போதெல்லாம் அது அறுந்துபோகும். கேமராவில் அந்தத் தொல்லை இல்லை. திரையில் தெரியும் சாலைப் படத்தின் மேல் பொறியாளர் ஒரு கட்டம் வரைகிறார். அந்தக் கட்டத்துக்குள் வண்டி வந்தால் கிளைச் சாலைக்குப் பச்சை கேட்கப்படும். கேமரா சாலை முழுவதையும் பார்க்கிறது என்பது உண்மைதான், ஆனால் விளக்குக்குத் தெரிவது அந்தக் கட்டம் மட்டுமே. இதை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான கோளாறுகள் வருகின்றன.

முதலில் உயரம். செலவைக் குறைக்க, ஏற்கெனவே நிற்கும் தாழ்வான கம்பத்திலேயே கேமராவை மாட்டிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். கேமரா 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதிலிருந்து 30 மீட்டர் தூரத்தில் 3.5 மீட்டர் உயரமுள்ள ஒரு லோரியின் பின்புறம் முடிகிறது என்று வையுங்கள். அதற்குப் பின்னால் 42 மீட்டருக்குத் தரையே தெரியாது. அந்த மறைவில் ஏழெட்டுக் கார்கள் நிற்கலாம். கேமராவை 10 மீட்டருக்கு உயர்த்தினால் மறையும் தூரம் ஏறக்குறைய 16 மீட்டராகக் குறைகிறது. விலை உயர்ந்த மென்பொருளால் ஈடுகட்ட முடியாத வித்தியாசம் இது. பக்கத் தடத்தில் பஸ் நின்றாலும் இதே கதைதான். ஓரத்துக் கம்பத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும் கேமராவுக்கு, பஸ்ஸின் மேல்பகுதி அடுத்த தடத்தின் கட்டத்துக்குள் விழும். அங்கே வண்டியே இல்லாவிட்டாலும் இருப்பதாகக் கணக்கு ஏறும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல்: மோட்டார் சைக்கிள். கட்டத்தை நிறுத்தக் கோட்டை ஒட்டி, கார்களை மனதில் வைத்து வரைவார்கள். ஆனால் மோட்டார் சைக்கிளோட்டிகள் அங்கே நிற்பதில்லை. கார்களுக்கு நடுவே புகுந்து கோட்டைத் தாண்டி முன்னால் போய் நிற்பார்கள். மத்தியான வெயிலில் கோட்டுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் மரநிழலில் நிற்பார்கள். இரண்டு இடத்திலும் கட்டம் காலி. பாதையில் யாரும் இல்லை என்று பெட்டி முடிவு செய்துவிடும். நிற்பவர் ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்ப்பார், அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. வண்டியைக் கோட்டருகே நகர்த்தினாலே போதும். ஓட்டுநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கட்டத்தை முன்னும் பின்னும் நீட்டி வரைந்திருக்க வேண்டியது அமைப்பவரின் பொறுப்பு.

மேம்பாலத்துக்கு அடியில் உள்ள சந்திப்பில் இது தலைகீழாக நடக்கும். மழை பிடித்ததும் மோட்டார் சைக்கிள்கள் பாலத்தடியில் ஒதுங்குகின்றன, ஓட்டுநர்கள் மழைக்கோட்டு மாட்டுகிறார்கள். கட்டத்தின் ஓரம் அதுவரை நீண்டிருந்தால், ஒதுங்கி நிற்பவர்களைக் காத்திருக்கும் வாகனமாக எடுத்துக்கொண்டு, போகாத வண்டிக்கு ஒவ்வொரு சுற்றிலும் பச்சை கொடுத்துக்கொண்டிருக்கும். அதே நேரம் மறுபக்கத்தில் நெரிசல் ஏறும்.

சோதனையைக் காலை பத்து மணிக்குச் செய்து கையெழுத்துப் போடுவது இன்னொரு பெரிய தவறு. அந்த நேரத்தில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் வேலை செய்யும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. கிழக்கு மேற்காகப் போகும் சாலைகளில் ஆண்டின் பெரும்பகுதி காலையும் மாலையும் சூரியன் கிட்டத்தட்ட நேர் எதிரே வந்து நிற்கும். வேலைக்குப் போகிற நேரமும் திரும்புகிற நேரமும் அதுதான். கேமராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, அடிவானம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். அப்புறம் இரவு மழை. நனைந்த தாரில் ஹெட்லைட் வெளிச்சம் நீண்டு விழுந்து, பக்கத்துத் தடத்தின் கட்டத்தை எழுப்பிவிடும். எனவே மாலை ஆறரைக்கு ஒரு முறை, இரவில் மழை கொட்டும்போது ஒரு முறை பார்க்காமல் எந்த அமைப்பையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பேன்.

எண்ணிக்கை விஷயத்தில் நடக்கும் தவறு இதைவிட நுட்பமானது, கூட்டங்களில் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். நிறுத்தக் கோட்டில் எண்ணினால் கடந்துபோன வண்டிகள்தான் தெரியும். போக விரும்பிக் காத்திருப்பவை தெரியாது. ஒரு தடத்தில் இடைவிடாமல் பச்சை எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ 1,900 கார்கள் போகலாம் என்பது பொறியாளர்கள் வைக்கும் அடிப்படைக் கணக்கு. 120 விநாடிச் சுற்றில் 30 விநாடி மட்டும் பச்சை என்றால் அந்தத் தடத்தின் உச்சம் 475. பின்னால் வரிசை 200 மீட்டர் நீண்டாலும் ஒரு கிலோமீட்டர் நீண்டாலும் கேமரா 475ஐத் தாண்டிச் சொல்லாது. போன ஆண்டும் 475, இந்த ஆண்டும் 475, ஆகவே நெரிசல் கூடவில்லை என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். வரிசையின் வாலைப் பார்க்க, பின்னால் இன்னொரு கேமரா வேண்டும்.

2018 ஜனவரியில், போக்குவரத்துத் தரவைச் செயற்கை நுண்ணறிவால் அலசி விளக்குகளைச் சீராக்கும் அலிபாபா கிளவுடின் சிட்டி பிரெய்ன் திட்டம் கோலாலம்பூருக்கு அறிவிக்கப்பட்டதிலிருந்து, அந்த நுண்ணறிவு இருந்தால் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. புதிய மென்பொருள்கள் நிழலையும் வண்டியையும் பிரித்தறிவதில் பழையவற்றைவிடக் கெட்டிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் லோரி மறைத்த காரை எந்த அறிவாலும் பார்க்க முடியாது. கார்கள் நிறைந்த சாலைப் படங்களில் பயின்ற மென்பொருள், உணவுப் பெட்டி கட்டிய ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள் ஒட்டி நிற்பதை ஒன்றிரண்டாக எண்ணவும் கூடும். வாங்குமுன் நம் சாலையில், நம் வண்டிகளை வைத்து, ஆள் எண்ணிய கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

கேமராவிலிருந்து படம் வராமல் போய்விட்டால் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பெட்டி "வண்டி இல்லை" என்று எடுத்துக்கொண்டால் கிளைச் சாலைக்காரர் விடியும்வரை நிற்க வேண்டியதுதான். "வண்டி இருக்கிறது" என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் பச்சை தரும்படிதான் அமைக்க வேண்டும்.

தைப்பூசத்தையொட்டி வெள்ளி ரதம் ஜாலான் ஈப்போ வழியே பத்துமலைக்குப் போகும்போது எந்தக் கட்டத்துக்கும் அர்த்தமில்லை. சாலை முழுக்க மனிதர்கள். அன்று விளக்கைக் காவல்துறையினர் கையில் எடுப்பதே சரி.

மற்றவை பராமரிப்பு. இரவில் பார்ப்பதற்கான அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை பின்னும், வலை காற்றில் ஆடினால் கேமராவுக்கு அதுவும் ஒரு வண்டி. கிளைகள் வளர்ந்து மறைக்கும். சாலைக்குப் புதுக் கோடு போட்டுத் தடத்தை நகர்த்துவார்கள், திரையில் கட்டம் பழைய இடத்திலேயே கிடக்கும். லென்ஸைத் துடைப்பது, கிளை வெட்டச் சொல்வது, கோடு மாறினால் கட்டத்தைத் திருத்துவது மூன்றும் யார் வேலை, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் யாரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.