கடற்கரைச் சொந்தம் மலைக்கு வந்தால்

மட்டக்களப்பிலிருந்தோ மன்னாரிலிருந்தோ சொந்தக்காரர்கள் நுவரெலியாவுக்கு வருகிறார்கள் என்றால் முதலில் வீட்டில் இருக்கிற கம்பளியை எண்ணிப் பாருங்கள். ஆளுக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரம் இது, ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி கூட விழும்; வருஷம் முழுக்க ஃபேனுக்குக் கீழே படுத்தவர்களுக்கு அது புரியாது, "ஸ்வெட்டர் எல்லாம் எதுக்கு" என்றுதான் போனில் சொல்வார்கள். எங்கள் சித்தப்பா அப்படித்தான் சாரமும் மெல்லிய சட்டையுமாக வந்து இறங்கி, மூன்று நாளும் என் அண்ணனுடைய ஜெர்கினைக் கழற்றவே இல்லை.

கம்பளியை முந்தின நாளே வெயிலில் போடுங்கள், வெயில் அடித்தால். இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காய வைக்கலாம், கொஞ்சம் புகை வாசம் வரும், பரவாயில்லை.

மீனுக்கு அலைய வேண்டாம். மலைக்கு வந்து சேரும் மீனை, செவுளைத் தூக்கிப் பார்த்தே எத்தனை நாள் ஆச்சென்று சொல்லிவிடுவார்கள். கருவாட்டை அவர்களையே கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் லீக்ஸ், கரட், சுடச்சுட ரொட்டி, கட்டைச் சம்பல் என்று போடுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்தான மலை விளிம்பைப் பார்க்க வேண்டுமென்றால் இருட்டோடு கிளம்புங்கள், காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். வளைவுகளில் தலை சுற்றுபவர்களுக்கு முன் சீட். அப்புறம், பெரியவர்கள் எழும்பும் முன் சுடுதண்ணீர் தயாராக இருக்கட்டும்.