காட்டுக் காளான் கணக்கெடுப்பில் கோட்டை விடும் இடங்கள்

நல்ல மழைக்குப் பிறகு ஒருநாள் காட்டுக்குள் போய், கண்ணில் பட்டதை எண்ணி, 'இந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் இத்தனை இனங்கள்' என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. காளான் என்பது பூஞ்சையின் காய் மாதிரி. உடம்பு இழை இழையாக மண்ணிலும் மட்கும் கட்டையிலும் கிடக்கும். சில இனங்கள் பல ஆண்டுகள் காளானே விடாமல் இருக்கும். அதனால் குறித்துவைத்த அதே இடங்களுக்குப் பருவத்தில் பலமுறை, தொடர்ந்து பல ஆண்டுகள் போக வேண்டும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் தேடினார்கள் என்பதையும் எழுதுங்கள். போன வருடம் இரண்டு மணி நேரம், இந்த வருடம் ஆறு மணி நேரம் தேடிவிட்டு 'இனங்கள் பெருகிவிட்டன' என்றால், பெருகியது நம் நடைதான்.

காளான் குடைகளை எண்ணுவதும் ஏமாற்றும். பத்துக் குடைகள் ஒரே உயிராக இருக்கலாம். அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் ஒரே ஒரு ஆர்மில்லேரியா பூஞ்சை 9 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கிறது.

மாதிரி எடுக்கும்போது தண்டை ஒடிக்காதீர்கள். அமானிட்டா என்ற காளான் வகைகளை அடையாளம் காட்டும் அடிப்பை, அதாவது தண்டின் அடியைச் சுற்றியிருக்கும் உறை, மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். கத்தியால் மண்ணோடு நெம்பி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து, சாயங்காலத்துக்குள் கூழாகிவிடும். காகிதப் பை போதும். வாசனை, பக்கத்தில் நிற்கும் மரம், வெட்டினால் மாறும் நிறம் எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். சில பொலீட்டஸ் காளான்கள் வெட்டிய சில நொடிகளில் நீலமாகும். வீட்டுக்கு வந்து யோசித்தால் நினைவிருக்காது. அப்புறம், வித்துப் பதிவு, அதாவது குடையிலிருந்து உதிரும் பொடி போன்ற வித்துகள் தாளில் விடும் நிறத் தடம். குடையை வெள்ளைத் தாளில் மட்டும் கவிழ்த்தால் வெள்ளை வித்து எப்படித் தெரியும்? பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் ராத்திரி முழுக்க மூடி வையுங்கள்.

என்னைக் கேட்டால், பெரிய ஓட்டை ஓடையில்தான் இருக்கிறது. தரையையே பார்த்து நடப்பவர்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். ஓடையில் விழும் சருகை மட்கவைத்து நீர்ப்பூச்சிகளுக்கு உணவாக்கும் பூஞ்சைகள் தனிக் கூட்டம். 1942இல் பிரிட்டனின் பூஞ்சை ஆய்வாளர் இங்கோல்டு இவற்றை விரிவாக விவரித்தார். பல இனங்களின் வித்துகளுக்கு நான்கு கைகள். பாறை இடுக்கில் தேங்கும் நுரையில் அவை சிக்கிக்கொள்ளும். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் போதும். ஆனால் நுரையைச் சும்மா புட்டியில் அடைத்துக் கொண்டுபோனால் சில மணி நேரத்தில் வித்துகள் முளைத்து உருமாறிவிடும். மாறாமல் காக்கும் ஃபார்மலினைக் கரையிலேயே சேர்த்துவிட வேண்டும்.

சரி, டிஎன்ஏ சோதனை இருக்கிறதே என்பார்கள். ஓடை நீரில் கிடைக்கும் டிஎன்ஏ மேலே எந்தச் சரிவிலிருந்தும் வந்திருக்கலாம். சோதனைப் பட்டியலில் அதிகம் வரும் பெயர்தான் காட்டிலும் அதிகம் என்றும் சொல்ல முடியாது. எடுத்த காளானை உலர்த்திப் பத்திரப்படுத்தாமல் விட்டால், பின்னால் பெயரில் சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்கக் கையில் எதுவும் இருக்காது.