ரத்தத்துல மைக்ரோ ஆர்என்ஏ பார்க்கணுமா? மொதல்ல பிளாஸ்மா கலரைப் பாருங்க

கடலூர்ல சாம்பிள் எடுத்து பாண்டி லேபுக்கு கொண்டுவர்ற ஜூனியர்ஸ் எல்லாரும் ஆர்என்ஏ பிரிச்செடுக்க எந்த கிட் வாங்கலாம்னுதான் கேக்குறீங்க, ஆனா கிட்டை பிரிக்கிறதுக்கு முன்னாடியே பாதி சாம்பிள் கெட்டுப்போயிருது.

மைக்ரோ ஆர்என்ஏ சுமார் 22 எழுத்து நீளம்தான், புரோட்டீன் செய்யுற குறிப்பைக் கொண்டுபோற எம்ஆர்என்ஏ மேல போய் ஒட்டிக்கிட்டு புரோட்டீன் உருவாகறதை அடக்கும். 1993ல ஒரு சின்ன புழுவுல இதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ரெண்டு பேருக்கும் 2024ல நோபல் கிடைச்சுது. கல்லீரல்ல மிர்-122ங்கிற மைக்ரோ ஆர்என்ஏ கொட்டிக் கிடக்கும், இதயத்துல மிர்-208, அந்த உறுப்போட செல் அடிபட்டா இதெல்லாம் ரத்தத்துல கசியும், நாம தேடுறது அந்தக் கசிவைத்தான். பிரச்சனை என்னன்னா சிவப்பணுக்குள்ளயும் மிர்-451, மிர்-16 நிறைய இருக்கு, டியூபுல சிவப்பணு உடைஞ்சா அதுவும் சேர்ந்து கசிஞ்சுரும்.

நான் மொத வருஷம் மே மாசத்துல ரத்தத்தை அப்படியே ஐஸ்ல புதைச்சு பைக்ல தவளக்குப்பம் வழியா கொண்டுவந்தேன். ஐஸ் டியூபை ஒட்டியிருந்ததால சிவப்பணு உடைஞ்சு, பிளாஸ்மா (ரத்தத்தை மெஷின்ல சுத்தினா செல்லுக்கு மேல தெளிஞ்சு நிக்கிற திரவம்) ரோஸ் கலர்ல வந்துச்சு. அப்படிக் கசிஞ்சு கூடிப்போன மிர்-16ஐ அளவுகோலா வெச்சு மத்ததை கணக்கு போட்டதால எல்லாமே கொறஞ்ச மாதிரி காட்டுச்சு, நோயாலதான்னு நம்பிட்டோம். உடம்பு முடியாதவங்க கை நீட்டி குடுத்த ரத்தம்ங்க அது, இன்னிக்கும் மனசு கேக்கல.

அதனால ரத்தம் கட்டியாகாம தடுக்கிற இடிடிஏ இருக்கிற ஊதா மூடி டியூப்தான், பச்சை மூடி வேணாம், அதுல இருக்கிற ஹெபாரின், மைக்ரோ ஆர்என்ஏவை நகலெடுத்து அளக்குற பிசிஆர் சோதனையையே தடுத்துரும். கையில கட்டின பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல விடாதீங்க, சிரிஞ்சுல எடுத்தா ஊசியை கழட்டிட்டு டியூப் சுவரோரமா மெதுவா விடுங்க, குலுக்காம எட்டு பத்து தடவை தலைகீழா சாய்ச்சா போதும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள கடலூர்லயே சென்ட்ரிஃபியூஜ் மெஷின்ல சுத்திருங்க, மொதல்ல 2,000 ஜியில (புவியீர்ப்பைப் போல 2,000 மடங்கு விசை) 10 நிமிஷம், மேல இருக்கிற பிளாஸ்மாவை மட்டும் எடுத்து (அடியில கொஞ்சம் விட்டுருங்க, ஆசைப்படாதீங்க) இன்னும் வேகமா ரெண்டாவது தடவை, பிளேட்லெட் போகணும்ல. அப்புறம் சின்ன சின்ன டியூபா பிரிச்சு ட்ரை ஐஸ்ல பாண்டிக்கு.

ட்ரை ஐஸ்ல போடறதுக்குள்ள பிளாஸ்மாவை வெள்ளைப் பேப்பர் முன்னாடி தூக்கிப் பாருங்க, வைக்கோல் மஞ்சளா இருக்கணும். கண்ணை மட்டும் நம்பாம 414 நானோமீட்டர் ஒளியில ஒரு ரீடிங் எடுங்க (சிவப்பணுவோட ஹீமோகுளோபின் அங்கதான் தெரியும்), பிசிஆர்ல மிர்-23ஏ சிக்யூல (சிக்னல் தெரிய எத்தனை சுற்று ஆச்சுங்கிற எண்) இருந்து மிர்-451ஏ சிக்யூவை கழிங்க, 5க்கு கீழ நல்லது, 7ஐ தாண்டுனா அந்த சாம்பிளை வெச்சு முடிவெடுக்க வேணாம்.

கண்ட்ரோலுக்கு சேர்க்கிற புழுவோட மிர்-39ஐ லைசிஸ் பஃபர் (என்சைமை முடக்கி ஆர்என்ஏவை வெளிய எடுக்கிற திரவம்) ஊத்தினதுக்கு அப்புறம்தான் போடணும், முன்னாடியே போட்டா பிளாஸ்மாவுல இருக்கிற என்சைம் அதைத் தின்னுரும். மிச்ச டியூபையெல்லாம் உருகாம மைனஸ் 80 டிகிரியில வைங்க, ஒருதடவை உருக்குன டியூபை திரும்ப உள்ள வைக்காதீங்க.