டம்ளர் ஆவியைப் படமெடுக்க

காலைக் காபிக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்திருந்தால் படம் மங்கும். முதல் இரண்டு நிமிடம் படமே எடுக்க வேண்டாம். ஆவி எந்தப் பக்கம் சாய்கிறது, நுரைக் குமிழ் எங்கே உடைகிறது என்று மட்டும் பாருங்கள்.

ஆவி படத்தில் விழவில்லையா? பெரும்பாலும் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருகிறது என்று அர்த்தம். டம்ளருக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் ஜன்னல் இருக்க வேண்டும். பின்னணியில் கறுப்புத் துணியோ நிழல் விழுந்த சுவரோ இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். போன் திரையில் தெரியும் டம்ளர் விளிம்பில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். மூன்றே படம். படத்துக்கு ஃபில்டர் வேண்டாம், அது டிகாக்‌ஷனுக்கு மட்டும் போதும். ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், படங்களை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.