900-இல் தெரியும் பொய் முகடு: பாஸ்பர் எல்இடியை வைத்து ஜவ்வரிசியின் ஈரம் பார்ப்பது எப்படி?

ஏற்காட்டில் காப்பிக்கொட்டையைக் கடித்துப் பார்த்துக் காய்ச்சல் பதம் சொல்லிவிடலாம். சேலத்து ஜவ்வரிசிக்கும் அதே கேள்விதான். இதை ஒளியைக் கொண்டும் பார்க்கலாம். அண்மை அகச்சிவப்பில் 970 நானோமீட்டர் அருகே நீர் ஒளியை உறிஞ்சும். ஈரம் கூடினால் அங்கே பள்ளம் ஆழமாகும். அந்தப் பள்ளத்தைக் காட்டும் விளக்கையும், ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியையும் கட்டுவோம். ராஸ்பெர்ரி பை, பைத்தான் இரண்டும் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

விளக்கு

ஹாலஜன் பல்பு அளக்கும்போதே மாதிரியைக் காயவைத்துவிடும். சாதாரண அகச்சிவப்பு எல்இடி 30 முதல் 50 நா.மீ. அகலம்தான் தரும். நமக்கு வேண்டியது பாஸ்பர் எல்இடி: 450 நா.மீ. நீலச் சில்லின் மேல் குரோமியம் கலந்த பாஸ்பர் பூச்சு. பூச்சு நீலத்தை விழுங்கி, அகலமான அகச்சிவப்பாக உமிழும்.

குரோமியம் எந்தப் படிகத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சேர்வராயன் மலை பாக்சைட்டிலிருந்து பிரிக்கும் அலுமினாவில் துளி குரோமியம் சேர்ந்து படிகமானால் அது மாணிக்கம். இறுக்கமான அந்தப் படிகத்தில் ஒளி 694 நா.மீ. அருகே கூர்மையான கோடாக வரும். அயனிகள் தள்ளி நிற்கும் படிகத்தில் அதே குரோமியம் நூறு நா.மீ.க்கும் மேல் அகலமான பட்டையாக ஒளிரும்.

பொடி வாங்கி சிலிக்கோனில் குழைத்து நீங்களே பூச வேண்டாம். பூச்சு ஒரே சீராக வராது. மெல்லிய இடத்தில் நீலம் கசியும். 2016-இல் வெளிவந்த ஓஸ்ராம் எஸ்எஃப்எச் 4735 போன்ற ஆயத்த எல்இடியே போதும். 650 முதல் 1050 நா.மீ. வரை ஒளி தரும். 350 மில்லியாம்பியர் மாறா மின்னோட்ட டிரைவரும் அலுமினிய ஹீட் சிங்க்கும் கட்டாயம். வெறும் ரெசிஸ்டர் போட்டால், எல்இடி சூடேறச் சூடேற மின்னோட்டமும் மாறும். போட்டவுடன் அளக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். நேராக உற்றுப் பார்க்காதீர்கள்: கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பு முழு வீச்சில் வந்துகொண்டிருக்கும்.

பெட்டி

ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் நெருக்கமான கோடுகள்தான் கீற்றணி. அதற்கு டிவிடி வேண்டாம். அதன் தடங்கள் 0.74 மைக்ரான் இடைவெளியில் இருப்பதால், நேராக விழும் 900 நா.மீ. ஒளிக்கு முதல் வரிசையே (கீற்றணி ஒளியை விலக்கி விரிக்கும் முதல் பட்டை) கிடைக்காது. எழுதக்கூடிய சிடியில் (சிடி-ஆர்) இடைவெளி 1.6 மைக்ரான். பிசின் டேப் ஒட்டி மினுமினுப்புப் படலத்தை உரித்து, ஸ்பிரிட்டில் சாயத்தைக் கழுவி, ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டுங்கள்; தடங்கள் ஓரத்தில்தான் கிட்டத்தட்ட நேராக இருக்கும். இரண்டு பிளேடுகளை 0.2 மி.மீ. இடைவெளியில் ஒட்டினால் பிளவு தயார். கேமரா நோஐஆர் வகை (அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இல்லாதது), 30 டிகிரி சாய்வில். எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் தானியங்கியில் விடாதீர்கள்.

கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி ஏமாற்றும். பல கறுப்புச் சாயங்கள் அகச்சிவப்பில் வெளுப்பாகிவிடும். விளக்குக் கரி பூசுங்கள்.

அலைநீளம் குறிக்க, சுவிட்ச் போர்டில் ஆரஞ்சாக எரியும் நியான் இண்டிகேட்டர் போதும்: 640.2, 703.2, 724.5 நா.மீ. கோடுகள் தெளிவாக விழும். 230 வோல்ட் என்பதால் கம்பியை வெளியே விடாமல், ஹோல்டரோடு வையுங்கள்.

இங்கேதான் தடுக்கும்

விளக்கைப் போட்டதும் 900 நா.மீ.யில் அழகான முகடு ஒன்று தெரியும். பாஸ்பரின் ஒளி என்று நம்பிவிடாதீர்கள். பூச்சைத் தாண்டிக் கசியும் 450 நா.மீ. நீலத்தின் இரண்டாம் வரிசை அது, அதாவது கீற்றணி அதே ஒளியை இன்னும் அதிகக் கோணத்தில் மறுபடி விரித்தது. கணக்கு எளிது: 900 ÷ 1600 என்றாலும், 2 × 450 ÷ 1600 என்றாலும் 0.5625, இரண்டுமே 34.2 டிகிரியில்தான் விழும். விழும் இடத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஆனால் பிக்சல்களுக்கு நிறம் தெரியும்! உண்மையான 900 நா.மீ. ஒளி சிவப்பு, பச்சை, நீலம் மூன்று பிக்சல்களிலும் ஏறக்குறைய சமமாக விழும். பொய் முகடு நீலப் பிக்சலில் மட்டும் எகிறும். மூன்றையும் தனித்தனியாக வரைந்து பாருங்கள்.

தீர்வு, பிளவுக்கு முன்னால் ஒரு வடிகட்டி. 525 நா.மீ.க்குக் கீழே உள்ளதெல்லாம் தடைபட்டால் போதும், அதன் இரட்டிப்பு 1050. ஓஜி 550 என்ற ஆரஞ்சு வடிகட்டிக் கண்ணாடி சிறந்தது. எல்இடியின் மேல் வடிகட்டியை ஒட்டினால் போதாது. அறையின் வெள்ளை எல்இடி பல்பிலும் அதே 450 இருக்கிறது.

அளவு

வெள்ளை ஒப்பீட்டுக்குப் பிளம்பர் சுற்றும் டெஃப்லான் டேப்பைச் சில மி.மீ. தடிமனுக்கு அடுக்குங்கள். மெல்லிய அடுக்கில் ஒளி ஊடுருவிவிடும். ஜவ்வரிசியை ஒரு செ.மீ.க்குக் குறையாமல் பரப்புங்கள், காய்ந்தது ஒரு கிண்ணம், ஊறவைத்து வடித்தது ஒரு கிண்ணம். பிறகு (மாதிரி − இருள்) ÷ (வெள்ளை − இருள்); இருள் என்பது பிளவை மூடி எடுத்த படம். 970-இல் பாஸ்பரின் ஒளியும் கேமராவின் சிலிக்கான் உணரியும் சேர்ந்தே மங்குவதால் கோடு நடுங்கும்; ஐம்பது படங்கள் எடுத்துச் சராசரி காணுங்கள்.

சேர்க்கை: காலையில் சேலத்தில் எடுத்த இருள் படத்தை ஏற்காட்டில் பயன்படுத்தினால் 970 பள்ளம் தவறாக வரும். ஒளியே இல்லாதபோதும் சிலிக்கானில் ஓடும் இருள் மின்னோட்டம் சுமார் ஏழெட்டு டிகிரி வெப்பம் ஏறினாலே இரட்டிப்பாகும். மலை ஏறியதும் பிளவை மூடிப் புதிதாக எடுங்கள். பனிமூட்டம் இருந்தால் சிடித் துண்டில் ஈரம் படிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.