முட்டைச் சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் வீடுகளில் முட்டை சமைக்கும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, முட்டைக்குத் தேவையானதைவிடக் கூடுதலான தீயை வைப்பதனால் வருபவை. தண்ணீர் கொதிக்க 100 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் வெள்ளைக்கரு 62, 63 டிகிரியிலேயே இறுகத் தொடங்கிவிடுகிறது, மஞ்சள் கரு 65 டிகிரியை ஒட்டிக் குழகுழப்பாகி 70 டிகிரியில் கெட்டியாகிறது. வெள்ளைக்கருவில் மிகுதியாக உள்ள ஓவால்புமின் என்னும் புரதம் மட்டும் முழுமையாக இறுகுவதற்கு 80 டிகிரிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் சூடேற்றிக்கொண்டே போனால், புரத இழைகள் ஒன்றையொன்று நெருக்கி, தமக்கிடையே பிடித்து வைத்திருந்த நீரை வெளியே தள்ளிவிடுகின்றன. பல்லில் இழுபடும் ஆம்லெட்டும், தட்டில் நீர் விட்டுக் கிடக்கும் பொடிமாஸும் இப்படித்தான் உண்டாகின்றன.

முட்டை வேகவைப்பதையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். அரிசியோடு சேர்த்துக் குக்கரில் முட்டையையும் வைத்துவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. எரிவாயு மிச்சமாகிறது என்பது உண்மைதான். ஆனால் குக்கருக்குள் வெப்பம் சுமார் 120 டிகிரி வரை போகிறது, விசில் அடங்கும் வரை முட்டை அதற்குள்ளேயே கிடக்கிறது. அப்படி வெந்த முட்டையை நறுக்கினால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சை வளையம் தெரியும். வெள்ளைக்கருவில் உள்ள கந்தகம் அதிக வெப்பத்தில் ஹைட்ரஜன் சல்பைடாக வெளிப்பட்டு, மஞ்சள் கருவில் உள்ள இரும்புச்சத்தோடு சேர்வதால் உண்டாகும் இரும்பு சல்பைடுதான் அந்த நிறம். அதனால் உடலுக்குத் தீங்கு இல்லை. மாவு போல உதிரும் மஞ்சள் கருவும், குமட்டும் வாடையும்தான் குறை. முட்டையே பிடிக்காது என்று சொல்லும் குழந்தைகளில் சிலர் வெறுப்பது முட்டையை அல்ல, இந்த வாடையைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொதித்த தண்ணீரில், குளிர்ச்சி நீங்கிய முட்டைகளைக் கரண்டியால் ஒவ்வொன்றாக இறக்கி, தீயைக் குறைத்து, நீர் மெதுவாகக் குமிழியிடும் நிலையில் வைத்திருந்தால் ஆறு ஏழு நிமிடங்களில் நடு இளகலாக இருக்கும். பத்து முதல் பன்னிரண்டு நிமிடங்களில் முழுதாக வெந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டால் ஓடு விரிசல் விடும். தளதளவெனக் கொதிக்கவிட்டால் முட்டைகள் ஒன்றோடொன்று மோதி உடையும். வெந்தவுடன் சுடுநீரை வடித்துவிட்டு, குளிர்ந்த நீரை இரண்டு முறையாவது மாற்றி ஊற்ற வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீரிலேயே முட்டையை விட்டு வைப்பது, தீயில்லாமல் மேலும் வேகவைப்பதற்குச் சமம். ஊட்டி போன்ற மலை ஊர்களில் இருப்பவர்கள் மட்டும் இந்தக் கணக்கைச் சற்று நீட்டிக்கொள்ள வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், சமவெளியில் போதுமான நேரம் அங்கே போதாது.

ஓடு உரிக்கும்போது வெள்ளைக்கருவும் பிய்ந்துகொண்டு வருவதற்குச் சமைத்தவரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. முட்டை மிகவும் புதியதாக இருப்பதே பெரும்பாலும் காரணம். இட்ட புதிதில் வெள்ளைக்கருவின் கார அமில அளவு (pH) 7.6 அளவில் இருக்கும். உள்ளே உள்ள கரியமில வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியாக வெளியேற வெளியேற, அது 9.2 வரை உயர்கிறது. அதற்குப் பிறகே உட்சவ்வோடு வெள்ளைக்கருவுக்கு உள்ள பிடிப்பு தளர்கிறது. எனவே வேகவைப்பதற்கு ஒரு வாரம் ஆன முட்டையும், உடைத்து ஊற்றிச் சமைப்பதற்குப் புதிய முட்டையும் ஏற்றவை. பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுவதைவிட, கொதிநீரில் இறக்கி வேகவைத்த முட்டை எளிதாக உரிபடும்.

காலை நேர அவசரத்தில் ஆம்லெட்டுக்கு வரும் கேடு வேறு வகை. வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு எல்லாவற்றையும் முட்டையில் போட்டு அடித்து, பிள்ளைகள் எழுந்து வரும் வரை மூடி வைத்துவிடுகிறோம். அதற்குள் உப்பு வெங்காயத்தின் நீரை இழுத்துவிடும்; கலவை நீர்த்துப்போய்க் கல்லில் ஓடும். உப்பை முட்டையோடு முன்கூட்டியே சேர்ப்பதில் தவறில்லை, வெங்காயத்தைக் கல் காய்ந்த பிறகு சேர்த்தால் போதும். இன்னொன்று, தோசை வார்த்து முடித்த அதே சூட்டில் ஆம்லெட்டை ஊற்றுவது. புகையும் கல்லில் அடிப்பக்கம் நொடியில் தீய்ந்து, மேல்பக்கம் பச்சையாகவே நிற்கும். முட்டை தோசைக்கும் இது பொருந்தும்: மாவின் மேல் ஈரம் வற்றிய பிறகே முட்டையை ஊற்றிப் பரப்பி, தீயைக் குறைத்து, மறுபக்கம் திருப்பிப் போட வேண்டும்.

பொடிமாஸில் வெங்காயமும் தக்காளியும் நன்றாக வதங்கி, தண்ணீர் முழுதும் சுண்டி, எண்ணெய் பிரிந்த பிறகே முட்டைக்கு இடம் கொடுக்க வேண்டும். முட்டையை ஊற்றிய உடனே கரண்டியைப் போட்டுச் சுழற்றாமல், ஓரம் வெளுக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு அடியிலிருந்து புரட்டிவிட்டால் பெரிய பெரிய துண்டுகளாக மெத்தென்று வரும். பளபளப்பு முழுதும் மறைவதற்குச் சற்று முன்பே அடுப்பை அணைத்துவிடலாம். இரும்பு வாணலியில் தங்கியிருக்கும் சூடே மிச்ச வேலையை முடித்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்கு உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பைப் போல நிறைவானதும் இல்லை, அதைப் போல எளிதில் கெட்டுப்போவதும் இல்லை. முட்டை விழுந்த பிறகு குழம்பைக் கொதிக்கவிட முடியாது, கிளறவும் முடியாது என்பதை மறந்துவிடுவதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. ஆகையால் புளியின் பச்சை வாசனை போவதும், மசாலா வேகுவதும், உப்பு சரிபார்ப்பதும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். குழம்பு நீர்த்திருந்தால் வெள்ளைக்கரு நூல் நூலாகப் பிரிந்து குழம்பையே கலங்கலாக்கிவிடும். கரண்டியில் ஒட்டும் பதத்துக்கு அது கெட்டியாகியிருக்க வேண்டும். பிறகு தீயைச் சிம்மில் வைத்து, ஒவ்வொரு முட்டையாகச் சிறு கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தின் விளிம்பு குழம்பைத் தொடும்படி சாய்த்து, பாத்திரத்தின் ஓரத்தில் வழுக்கி இறங்கவிட வேண்டும். கிண்ணத்தில் உடைப்பதால் கெட்ட முட்டை ஒன்று வந்தாலும் குழம்பு தப்பிக்கும். மூடி போட்டு நான்கைந்து நிமிடங்களில் வெள்ளைக்கரு இறுகும். மஞ்சள் கருவும் முழுதாக வேக வேண்டுமானால் இன்னும் மூன்று நிமிடங்கள் வேண்டும். இடையில் பார்க்கத் தோன்றினால் மேலே கொஞ்சம் குழம்பை அள்ளி ஊற்றலாம், அல்லது பாத்திரத்தைத் துணியால் பிடித்து இலேசாக அசைக்கலாம்.

வேகவைத்த முட்டையைப் போடும் குழம்பில் தவறு நேர்மாறானது: தொடக்கத்திலேயே போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிடுவது. கத்தியால் நாலைந்து கீறல் போட்டு, கடைசி ஐந்து நிமிடங்களில் சேர்த்து, இறக்கிய பிறகு அப்படியே ஊறவிட்டால் உப்பும் புளிப்பும் தானாக இறங்கும். முழு முட்டையை எண்ணெயில் பொரிப்பவர்களும் கீறாமல் பொரிக்கக் கூடாது. உள்ளே சேரும் நீராவி முட்டையை வெடிக்கச் செய்து கொதிக்கும் எண்ணெயை முகத்தில் தெறிக்கவைக்கும்.

அதிகத் தீயைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, குறைவாக வேகவைப்பதன் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கொங்குப் பகுதியில் சால்னா ஊற்றிச் செய்யும் கலக்கியும், எங்கும் கிடைக்கும் ஆஃப் பாயிலும் ருசியானவை. உடல்நலமுள்ள பெரியவர் விரும்பிச் சாப்பிடுவது அவரவர் முடிவு. சிறு குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், முதியவர்களுக்கும், நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் அவற்றைக் கொடுக்கக் கூடாது. சால்மொனெல்லா கிருமி இருந்தால் அது அழிவதற்கு முட்டை உணவு 71 டிகிரியை எட்ட வேண்டும். மஞ்சள் கரு ஓடும் நிலையில் அந்த வெப்பம் வந்திருக்காது.

பூப்பெய்திய பெண்பிள்ளைகளுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் காலையில் கொடுக்கும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. பிள்ளையின் உடம்பு தேற வேண்டும் என்ற அக்கறையில் செய்யப்படுவது அது. ஆனால் அந்த அக்கறைக்குப் பச்சை முட்டை உதவுவதில்லை. சமைத்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை உடல் செரித்து எடுத்துக்கொள்கிறது, பச்சை முட்டையிலோ பாதியளவுதான். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமலும் செய்கிறது. அதே முட்டையை அதே நல்லெண்ணெயில் பொரித்துக் கொடுத்தால் வழக்கமும் நிலைக்கும், சத்தும் சேரும்.

நாமக்கல் பண்ணைகளிலிருந்து நம் ஊர்க் கடைகளுக்கு அட்டைகளில் வரும் முட்டைகளை, வீட்டுக்கு வந்தவுடன் மொத்தமாகக் கழுவி அடுக்குவதையும் கைவிட வேண்டும். ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள மெல்லிய படலம் நுண்துளைகளை அடைத்துக் காக்கிறது. கழுவினால் அது போய்விடும். அழுக்கு இருந்தால் சமைப்பதற்குச் சற்று முன் அந்த முட்டையை மட்டும் கழுவிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜின் கதவில் வைப்பதைவிட உள்தட்டில் வைப்பது நல்லது. தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனை முட்டையின் வயதைத்தான் சொல்லும், கிருமி இல்லை என்று உறுதி தராது.

விருந்து நாளில் முட்டையைக் கையாள்வதற்கு நேரக் கணக்குத் தெரிந்திருப்பது அவசியம். பிரியாணிக்கும் போண்டாவுக்கும் முதல்நாளே வேகவைத்து, ஓட்டோடு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் வரை கெடாது. ஆனால் உரித்த முட்டையைத் தட்டில் அடுக்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, நம் கோடையில் அதுவும் அதிகம். போண்டாவில் மாவு கழன்றுபோவதற்குக் காரணம் முட்டையின் மேலுள்ள ஈரம். துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த கடலை மாவில் புரட்டிய பிறகு கரைத்த மாவில் தோய்த்தால் பிடித்துக்கொள்ளும்.

இலங்கை முஸ்லிம் வீடுகளிலும் காயல்பட்டினத்திலும் பெருநாளுக்குச் செய்யும் வட்டிலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த பண்டம். சூடான கருப்பட்டிப் பாகை முட்டையில் ஊற்றினால் அங்கேயே திரிந்துவிடும். பாகு கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே கலக்க வேண்டும். கலவையை நுரை பொங்க அடிக்காமல், வடிகட்டி, மேல்நுரையை எடுத்துவிட்டு, பாத்திரத்தை மூடி, இட்லிப் பானையில் மெல்லிய ஆவியில் வைக்க வேண்டும். மூடாவிட்டால் மேல்மூடியில் படியும் நீர் சொட்டி மேற்பரப்பைக் குழிபறிக்கும். இறுகுவதற்கு 80 டிகிரியைச் சற்றுத் தாண்டினால் போதும் என்பதால், பானை பெருந்தீயில் கொதித்தால் உள்ளே துளை துளையாக விழும். அந்தத் துளைகளில் பாகு தேங்கி நிற்பதையே விரும்பிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். வழவழப்பாக வேண்டுமானால் நடுப்பகுதி இலேசாகத் ததும்பும்போதே அடுப்பை அணைத்து, முழுதாக ஆறவிட்டு, சில மணி நேரம் குளிரவைத்த பிறகே துண்டு போட வேண்டும்.