மதியம் இரண்டு மணிக்கு எழுதிப் பாருங்கள்

சி.ஏ. இன்டர், அதாவது பட்டயக் கணக்காளர் படிப்பின் இடைநிலை, படிப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பரீட்சை நடப்பது மதியம் 2 மணி முதல் 5 மணி வரை. நாம் படிப்பதோ விடியற்காலையில். காரைக்குடி வெயிலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் உட்கார்ந்தால் கண் தானாகச் சொக்கும். அந்த நேரத்தில்தான் மாதிரித் தேர்வை எழுதிப் பழக வேண்டும். வினாத்தாளுக்குச் செலவில்லை, பரீட்சை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. அமைப்பின் இணையதளத்திலேயே கிடைக்கும்.

100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். அப்படியானால் 14 மதிப்பெண் கணக்குக்கு 25 நிமிடம்தான். ஐந்தொகையின் (பேலன்ஸ் ஷீட்) இரண்டு பக்கமும் சேரவில்லையா? விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ராத்திரி விளக்கேற்றி ஒரு காசு வித்தியாசத்தைத் தேடிய பேரேட்டுக் காலத்துப் பிடிவாதம் கடைக்கு நல்லது, இங்கே உதவாது. (எனக்கு ஒரு முறை இதிலேயே முக்கால் மணி நேரம் போனது.) விடைக்கு வந்த வழியைக் காட்டும் துணைக் கணக்குகளை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள், அவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

அப்புறம், ஒரு தாளில் 40 எடுத்தால் போதும் என்று இருக்காதீர்கள். சில தாள்கள் சேர்ந்ததுதான் ஒரு குரூப், அந்தக் குரூப்பில் மொத்தம் 50 சதவீதம் வேண்டும். தெரிந்த தாளில் 60 தாண்டப் பாருங்கள். குரூப் போனாலும் அந்தத் தாளுக்கு விலக்கு கிடைக்கும், அடுத்த முறை அதை மறுபடி எழுத வேண்டாம்.